உத்தரவுப் பொட்டி

பெருமையடிக்கறேன்னு நெனச்சாலும் நெனச்சுக்கங்க. பெருமைதான், அதுல மறைக்க என்ன இருக்கு? நாட்டுல எத்தனையோ மருந்து ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. எல்லாத்துக்கும் சட்டப்படி ஒரு விலங்கு நலக் குழு உண்டு. பாதிக் குழு மாசம் ஒருக்கா கூடும், போண்டா திங்கும், கையெழுத்துப் போடும், கலைஞ்சு போயிரும். சூலூருக்கு இந்தப் பக்கம் இருக்கற எங்க கூடத்துக் குழு அப்படி இல்ல. போண்டா நாங்களும் திங்கறதுதான். ஆனா கேள்வி கேட்டுட்டுத் திம்போம்.

நான் வேதநாயகி. மாட்டு டாக்டர், பொறந்தது பவானி. வாய் கொஞ்சம் நீளம்னு என்ற வீட்டுக்காரர் சொல்லுவாரு. அந்தக் குழுவுக்கு அப்ப நான்தான் தலைவி. ஆட்டுக்கு எப்ப மயக்க மருந்து குடுக்கறது, எந்தச் சோதனையை எங்க நிறுத்தறது, எதுவும் எங்க சம்மதம் இல்லாம நடக்காது.

மதுவந்தி எங்க கூடத்து விஞ்ஞானி. நரம்புருக்கின்னு ஒரு சீக்கு இருக்கு, கொழந்தைங்களுக்கு வர்றது. கால்ல ஆரம்பிக்கும், இடுப்புக்கு ஏறும், கைக்கு ஏறும், கடைசியில மூச்சுக்கு வரும். அதுக்கு மருந்து கண்டுபிடிக்கறதுதான் அவ வேலை. முதல் கூட்டத்துலயே எந்திரிச்சு நின்னு, "என்ற மகளுக்கும் இந்த நோய்தாங்க. தெரிஞ்சே நீங்க முடிவு பண்ணோணும்"னு சொன்னவ அவ. அன்னைக்கே எனக்கு அவளைப் புடிச்சுப் போச்சு. இதே சீக்கு வர்ற செம்மறிக் குடும்பம் ஒண்ணை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு, அதுங்களுக்குத் தண்டுவடத்துல ஊசி போட்டுப் பாத்துட்டு இருந்தா.

அவ மக நறுமுகை. அப்பப் பதிமூணு வயசு, கையில ஒரு கம்பு ஊனிக்கிட்டு நடப்பா. பள்ளிக்கூடம் விட்டா நேரா எங்க கூடத்துக்கு வந்து, பட்டிக்கு முன்னால உக்காந்துக்குவா. வாய் என்னைய மாதிரி.

"பெரியம்மா, ஆடு எப்படிச் சரின்னு சொல்லும்?"னு ஒரு நாள் கேட்டா.

"பொட்டி சொல்லும் கண்ணு."

"எந்தப் பொட்டி?"

சொல்லிக் குடுத்தேன். சட்டம் மாறின கதை அது. முன்னாடியெல்லாம் ஆட்டுக்கு வலிக்குதா இல்லையான்னு மனுசங்க நாங்க பாத்து முடிவு பண்ணோம். இப்ப அது போதாது. சோதனைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அந்த மிருகத்துக்கிட்டயே கேட்டாகோணும். அதுக்குத்தான் அந்த மெஷின். சட்டத்துல அதுக்குப் பேரு இசைவுமானி. எங்க ஊர்ல யாருக்கு அது வாயில நுழையும்? உத்தரவுப் பொட்டின்னுதான் சொல்லுவோம்.

"ஆட்டோட நெத்தியில ஒரு பட்டை கட்டுவோம். பொட்டியில இருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா ஆட்டுக்கு ஊசி ரூம் ஞாபகம் வரும். 'அங்க போலாமா?'ன்னு கேக்கற மாதிரி. அப்ப அதோட மூளை என்ன சொல்லுதுன்னு பட்டை படிக்கும். பச்சை எரிஞ்சா போலாம். செவப்பு எரிஞ்சா கூடாது."

"மஞ்ச எரியுதே?"

"மெஷின் யோசிக்குது."

எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். மஞ்ச எரியும், கொஞ்ச நேரம் நிப்போம், பச்சை வரும், ஆட்டைக் கூட்டிட்டுப் போவோம். செவப்பு எப்பவாச்சும் அபூர்வமா, ஆடு மிரண்டு துள்ளுச்சுன்னாத்தான் எரியும். டெல்லியில இருந்து ஆள் வந்து பாத்துட்டு, "இவ்வளவு சம்மதத்தோட நடக்கற சோதனையை நாங்க பாத்ததே இல்ல"ன்னு கை குடுத்துட்டுப் போனாங்க. மருந்தும் வேலை செஞ்சுது. காலை இழுத்துட்டுக் கெடந்த செவலின்னு ஒரு பெட்டை ஆடு எந்திரிச்சு நின்னுச்சு. இன்னும் ஒரு சுத்து ஊசி போட்டா மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கெடைச்சிரும். யாருக்கு முதல்ல குடுப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நறுமுகை கம்பு ஊனியாச்சும் நடக்கறப்பவே மருந்து வந்துரோணும்னு மதுவந்தி ஓடிட்டு இருந்தா.

அந்த நேரத்துலதான் காங்கயம் பக்கத்துல அவ மாமனார் ஊர்ல கெடாவெட்டு வந்துச்சு. பேத்திக்குக் கால் சரியாகோணும்னு கருப்பணசாமிக்கு வேண்டியிருந்தாரு மனுசன். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்துச்சு. என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. கறிச்சோறுன்னா நான் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல.

கெடாவைக் கொண்டாந்து நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சத் தண்ணியைத் தலையில ஊத்துனாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: தண்ணி ஊத்துனா கெடா ஒடம்பைச் சிலுப்பி உதறோணும். உதறுச்சுன்னா சாமி உத்தரவு குடுத்துருச்சு, கெடாவும் ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். உதறாம வெட்டக் கூடாது. அதுதான் மொறை.

கெடா உதறல. அப்படியே நின்னுச்சு.

"இன்னொரு சொம்பு ஊத்துங்கப்பா."

ஊத்துனாங்க. நின்னுச்சு. காதுக்குள்ள ஊத்துனாங்க. நின்னுச்சு. "யாரோ தீட்டோட வந்திருக்காங்க, தள்ளி நில்லுங்க"ன்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு. நாங்க எல்லாம் தள்ளி நின்னோம். முதுகுல ஊத்துனாங்க. மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணுல தண்ணி ஓட, "என்ற பேத்திக்காகச் சாமி"ன்னு அழுதாரு. மறுபடி ஒரு சொம்பு. கடைசியில கெடா நனைஞ்சு, குளுந்து போயி, தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறுச்சு. கூட்டம் "உத்தரவு குடுத்துருச்சு!"ன்னு கத்துச்சு.

நான் சாப்பிட்டேன். ரெண்டாந் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மதுவந்தி எலையைத் தொடவே இல்ல. திரும்பி வர்றப்பக் காரை அவதான் ஓட்டுனா. பல்லடம் தாண்டியாச்சு. எனக்கு உண்ட மயக்கம்.

"அக்கா."

"ம்."

"நம்ம பொட்டியில மஞ்ச எரியறப்ப, அது நெசமாவே யோசிக்குதுங்களா?"

தூக்கம் எங்க போச்சுன்னு தெரியல.

மறுநா காத்தால ரெண்டு பேரும் பட்டியில நின்னோம். செவலிக்குப் பட்டையைக் கட்டிட்டு, லைட்டைப் பாக்காம ஆட்டைப் பாத்தோம். இத்தனை நாளா நாங்க எல்லாரும் லைட்டைத்தான் பாத்துட்டு நின்னோம். சத்தம் வந்துச்சு. செவலி காதைப் பின்னால மடிச்சு, மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. எந்த ஆட்டுக்காரனும் சொல்லிருவான், அது வேண்டாங்குது. மஞ்ச எரிஞ்சுது. மறுபடி சத்தம். மறுபடி மொகத்தைத் திருப்புச்சு. மஞ்ச. மறுபடி சத்தம். இப்படியே போயி, கடைசியில செவலி தலையைத் தொங்கப் போட்டுட்டுச் சும்மா நின்னுச்சு. பச்சை எரிஞ்சுது.

மதுவந்தி பொட்டி செஞ்ச பீளமேட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டா. அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதின ஆளே பேசுனாரு. மரியாதையான மனுசன்.

"மஞ்சளுங்களா? அது இன்னும் உத்தரவு வரலைன்னு அர்த்தமுங்க மேடம். வர்ற வரைக்கும் பொட்டி கேட்டுட்டே இருக்குமுங்க."

"வேண்டாம்னு ஆடு சொல்லுச்சுன்னா?"

"மிரண்டாச் செவப்பு எரியுமுங்க. மத்தபடி வேண்டாம்னு இல்லீங்க, இன்னும் சொல்லலைன்னுதான் கணக்கு."

"ஏங்க அப்படி வெச்சீங்க?"

அந்தாளுக்குக் கேள்வியே புரியல. "வேற எப்படீங்க வெக்கறது? கெடாவுக்குத் தண்ணி ஊத்துனா ஒடனேவா உதறுது? உதறுற வரைக்கும் ஊத்தறதுதானுங்களே?"

கெட்ட எண்ணம் துளியும் கெடையாது. எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் யோசிப்போம். அந்த மெஷினை மதராஸ்ல செஞ்சிருந்தா வேற தப்பு வந்திருக்கும், இந்தத் தப்பு வந்திருக்காது. நாங்க தலைமுறை தலைமுறையா சம்மதம்னு எதைச் சொன்னமோ, அதை அச்சு மாறாம ஒரு பொட்டிக்குள்ள வெச்சு, சர்க்கார் முத்திரையும் குத்தி வாங்கியாச்சு.

இப்ப என்ன பண்றது? குழுவுல சொன்னா, வாங்கின சம்மதம் எதுவும் சம்மதம் இல்ல. சம்மதம் இல்லாத சோதனையோட முடிவு செல்லாது, மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். வருசக் கணக்காகும். நறுமுகையோட சீக்கு அதுவரைக்கும் காத்துட்டு இருக்குமா?

இயக்குநர் சடகோபனுக்கு விசயம் தெரிஞ்சதும் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. கெட்ட மனுசன் இல்ல, கோழை. கோழைங்க பேசறப்ப ரொம்ப நியாயமாப் பேசுவாங்க.

"பச்சை எரிஞ்சுதானம்மா ஊசி போட்டீங்க? சட்டம் அதைத்தான கேக்குது? அடுத்த சுத்தும் முடியட்டும். அப்புறம் பொட்டியைச் சரி பண்ணிக்கலாம். யாருக்கு என்ன நட்டம்?"

"சட்டம் சம்மதத்தைக் கேக்குது சார்," மதுவந்தி சொன்னா. "நாம சலிப்பை வாங்கி வெச்சிருக்கோம்."

"உங்க மகளை நெனச்சுப் பாருங்க."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "ஏனுங்க சார், அவளை நெனைக்காம ஒரு மூச்சு விடறாளா இவ? அதை நீங்க சொல்லிக் குடுக்கோணுமா?"ன்னு மேசையைத் தட்டிட்டேன். தட்டினது அவரோட டீ டம்ளர் மேல. டீ அவரு மடியில. அதுக்கு மாத்திரம் மன்னிப்புக் கேட்டுட்டேன்.

வெளிய வந்ததும் வேப்ப மரத்துக்கடியில நான் அவளைப் புடிச்சு நிறுத்துனேன். "மது, உன்ற வாயால நீயே சொல்லோணும்னு இல்ல. நான் தலைவி. நான் சொல்லிக்கறேன். நாளைக்கு உன்ற மக வந்து 'ஏம்மா சொன்னே'ன்னு கேட்டா, பெரியம்மா சொன்னான்னு சொல்லிக்கலாம்."

அவ அழுதா. நல்லா அழுதா, மூக்கு செவக்க. அழுது முடிச்சுட்டு, "அவகிட்ட நான் பொய் சொன்னா, அந்த மருந்தை எந்த மொகத்தோட அவளுக்குப் போடுவேன் அக்கா?"ன்னா.

வெள்ளிக்கிழமை குழு கூடுச்சு. மதுவந்தி எந்திரிச்சு நின்னா. முதல் கூட்டத்துல நின்ன அதே எடம். "என்ற சோதனையில நான் வாங்கின சம்மதம் எதுவும் சம்மதம் இல்லீங்க. நிறுத்திருங்க"ன்னு சொன்னா. போண்டா வந்து ஆறிட்டு இருந்துச்சு, ஒருத்தரும் தொடல. என்ற சர்வீஸ்ல எத்தனையோ விஞ்ஞானிங்க "எங்க சோதனையை நிறுத்தாதீங்க"ன்னு எங்ககிட்டச் சண்டை போட்டிருக்காங்க. நிறுத்துங்கன்னு வந்து நின்னவ இவ ஒருத்தி. அதுவும் மகளோட காலை ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு. நிறுத்தினோம். கையெழுத்துப் போடறப்ப எனக்குக் கண்ணு மறைச்சுது. வெசனத்துல பாதி, பெருமையில பாதி.

அவ வீட்டுக்காரன் குமரேசன் ரொம்ப நாளைக்கு அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல. அவனையும் குத்தம் சொல்ல முடியாது, பெத்தவன். நறுமுகைக்குக் கம்பு போயி, ரெண்டு கைக்கும் ஊன்றுகோல் வந்துச்சு, அப்புறம் சக்கர நாற்காலி வந்துச்சு. மதுவந்தி சொன்னதுக்கு விலை அது. குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

புது விதி நாங்களே எழுதுனோம். பொட்டியில மஞ்சளே இருக்கக் கூடாது. ஒருக்காதான் கேக்கோணும். பச்சை இல்லைன்னா அது செவப்பு. ஆட்டைத் தொந்தரவு பண்ணாம விட்டுறோணும். ஆனா ஒண்ணு, கதவைச் சாத்தக் கூடாது. ஆடா மனசு மாறி வந்துச்சுன்னா வரட்டும்.

முதல் நாள் வரிசையாச் செவப்பு. அடுத்த நாளும் செவப்பு. சடகோபன் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. மதுவந்தி பட்டிக்குள்ள போயி வைக்கோல் மேல உக்காந்துக்கிட்டா. நாள் முழுக்க அங்கதான். கேக்கறதை நிறுத்தினதுக்கப்புறம்தான் எதுக்கு வேண்டாங்குதுன்னு பாக்கவே நேரம் கெடைச்சுதுன்னு சொன்னா. ஆடுங்களுக்கு ஊசி பெருசில்ல. கூட்டத்துல இருந்து தனியாப் பிரிச்சு, அந்தச் சில்லுன்னு இருக்கற இரும்பு மேசையில காலைக் கட்டிப் படுக்க வெக்கறதுதான் ஆகல. மரத்துப்போற மருந்து தடவி, பட்டிக்குள்ளயே, கூட்டத்தோட நிக்க வெச்சே ஊசி போட வழி கண்டுபிடிச்சா. அதுக்கே ஒரு வருசம் போச்சு.

ஒரு நாள் நாங்க கதவோரம் நின்னு டீ குடிச்சுட்டு இருந்தப்ப, செவலி தன்னால நடந்து வந்து, மதுவந்தியோட சேலை முந்தானையை மோந்து பாத்துட்டுப் பக்கத்துல நின்னுச்சு. பட்டையைக் கட்டி ஒருக்காக் கேட்டோம். பச்சை. "அக்கா, இதுதான் பச்சை!"ன்னு அவ சின்னப் புள்ளையாட்டக் குதிச்சா. அந்த விதி இன்னைக்கு நாடு பூரா சட்டம். சட்டப் புஸ்தகத்துல எங்க ஊர்ப் பேரு இல்ல. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எங்களுக்குத் தெரியும்.

மருந்து மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கற நாள் வந்தப்ப நறுமுகைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. அவளே முடிவு பண்ற வயசு. மனுசங்களுக்கும் அதே விதிதான்: ஒருக்காதான் கேக்கோணும், வீட்டாளுங்க வற்புறுத்தக் கூடாது. "ஆஸ்பத்திரிக்காரங்க கேக்க வேண்டாம், நானே கேக்கறேன்"னு மதுவந்தி சொல்லிட்டா. அன்னைக்கு நான் அவங்க வீட்லதான் மத்தியானச் சாப்பாடு.

"கண்ணு, மருந்து வந்திருச்சு. போட்டுக்கறயா?"

நறுமுகை சோத்தைப் பெசைஞ்சுட்டே இருந்தா. சீக்கு அப்ப அவ வெரலுக்கு வந்திருந்துச்சு. சோத்துருண்டை கையில நிக்காம உதுரும்.

"வேண்டாம்மா."

குமரேசன் நிமிந்து பாத்தான். பைத்தியக்காரி, இதுக்குத்தாண்டி உங்கம்மா இத்தனை வருசம் வைக்கோல்ல கெடந்தான்னு கேக்க வாயைத் தொறந்தேன். மேசைக்கடியில மதுவந்தி என்ற காலை ஒரு மிதி மிதிச்சா பாருங்க, உசுரு போச்சு.

"சரி கண்ணு. மோர் ஊத்தட்டுமா?"ன்னா.

அம்புட்டுத்தான். அடுத்த நாளும் கேக்கல, அதுக்கடுத்த நாளும் கேக்கல. ஒரு பெருமூச்சு கெடையாது, ஒரு சாடைப் பேச்சு கெடையாது, சாப்பிடறப்ப அந்த வெரலைப் பாக்கறது கூடக் கெடையாது. குழுவுல அவ எந்திரிச்சு நின்னது பெருசுன்னு சொன்னேனே? இது அதை விடப் பெருசு. எந்தத் தாயால முடியும்? என்னால முடியாது, அடிச்சுச் சொல்றேன்.

மருந்து என்ன பண்ணுச்சுங்கறது பேப்பர்ல வந்ததுதான். ஏறிட்டு இருந்த சீக்கை அது அங்கயே நிறுத்துச்சு. போன காலைத் திருப்பிக் குடுக்கல. நான் சொல்ல வந்தது அது இல்ல.

ஆஸ்பத்திரியில மத்தவங்களுக்கு ஊசி போட ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்கும். வார்டு கதவைத் தொறந்தேதான் வெச்சிருந்தோம், அதுவும் விதி. நானும் மதுவந்தியும் உள்ள இருந்தோம். வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. டிரைவர் நாற்காலியை எறக்கி வெச்சாரு. நறுமுகை, தனியா, அந்தப் புடி நிக்காத வெரலாலயே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தா.

மதுவந்தி அப்பவும் வாயைத் தொறக்கல.

"ஏண்டி வந்தே?"ன்னு நான்தான் கேட்டேன். எனக்கெங்க பொறுமை?

"யாரும் கேக்கலையே பெரியம்மா, அதான் வந்தேன்"னா. அப்புறம் அம்மாவைப் பாத்துச் சொன்னா: "நீ இன்னொருக்காக் கேட்டிருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேம்மா. உன்ற மொகத்தைப் பாத்து, சலிச்சுப்போயி. இது அந்தச் சரி இல்ல."